கத்தரிக்காயில் ஒரு சரவெடி முடிச்சு

போன வாரம் பிரகாஷ் போன் செய்தான். சாத்தூரில் நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவன். நான் ஓய்வு பெற்று இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஏழெட்டு முறை கூப்பிட்டுவிட்டான். இந்த முறை கேட்டது சின்ன விஷயம்தான். ஒரு படிவம், அதில் ஒரு கட்டம். ஏற்கெனவே எழுதியிருப்பதை மாற்றலாமா, கூடாதா? "ஒரே வார்த்தையில சொல்லுங்க மேடம், இன்னைக்கே அனுப்பணும்" என்றான். எனக்கு ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. "ஒரு வாரம் அவகாசம் கேட்டு மெயில் போடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவகாசம் கேட்பது மட்டும் எனக்குக் கைவந்த கலை.

நான் பார்த்த வேலைக்கு ஊரில் பெயர் கிடையாது. இளைஞர்களுக்குத் தோட்டப் பயிற்சி கொடுக்க நிதி தேடுவது என் வேலை. அதாவது, யாரிடம் பணம் இருக்கிறது, அவர்களுக்கு எந்த வார்த்தை பிடிக்கும் என்று கண்டுபிடித்து, அந்த வார்த்தையில் கடிதம் எழுதுவது. விருதுநகரில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரு வியாபாரம் உண்டு. "அக்கா அடுத்தவன் காசுல செடி வைக்கிறாக" என்று என் தம்பி வந்தவர்களிடம் அறிமுகம் செய்வான். அதைவிடச் சுருக்கமாக அந்த வேலையை நானும் விளக்கியதில்லை.

டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை முடித்துவிட்டு டைப்பிஸ்டாகத்தான் அங்கே சேர்ந்தேன். அடுத்தவர் எழுதிய விண்ணப்பங்களை அடித்து அடித்து, ஒரு நாள் நானே எழுத ஆரம்பித்தேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான். மீதியைச் செயலாளர் சொக்கலிங்கம் சாரிடம் கற்றுக்கொண்டேன்.

சார் விண்ணப்பத்தைக் கையில் வாங்கிப் படிக்கமாட்டார். என்னை நிற்கவைத்துப் படிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வலது கை ஆள்காட்டி விரல் மேஜைமேல் இருக்கும். நிதி தருகிறவருக்குப் பிடித்த வார்த்தை வரும்போதெல்லாம் விரல் ஒரு தட்டுத் தட்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று தட்டு விழ வேண்டும். குறைந்தால் கண்ணைத் திறந்து, "உப்பு பத்தலம்மா" என்பார். கூடினால், "கரிச்சிக்கிட்டு வருது" என்பார். மூன்று சரியாக விழுந்தால் பச்சை மையில் கையெழுத்து. பிறகு உறையின் மூலையில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் குங்குமம் ஒரு பொட்டு. வெளிநாட்டு அமைப்பு ஒன்று, உறையில் இருக்கும் சிவப்புக் கறை என்னவென்று அக்கறையாக விசாரித்துக் கடிதம் எழுதியது. ஈமெயில் வந்த பிறகு அவர் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் பொட்டு வைத்துவிட்டு, "இப்ப அமுக்கும்மா" என்றார்.

வார்த்தைகள் வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு காலம் 'ஊட்டச்சத்து'. பிறகு 'தலைமைப் பண்பு'. அப்புறம் 'திறன் மேம்பாடு', 'காலநிலை', 'மனநலம்'. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமத்தில், ஒருவர் எங்களுக்கு விட்டுக்கொடுத்த கரிசல் நிலத்தில், சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டு நாங்கள் வளர்த்தது என்னவோ ஒரே கத்தரிக்காய்தான். அது ஒரு வருடம் தலைவனாக வளர்ந்தது, ஒரு வருடம் பூமியைக் காப்பாற்றியது.

நிதி தந்தவர்கள் எல்லாரும் பெயர்ப் பலகை கேட்பார்கள். பலகைக்குத் தனியாகவே பணம் தருவார்கள். வேலிக்கு மட்டும் யாரும் தரமாட்டார்கள். வேலியில் பெயர் எழுத இடமில்லை என்பதால் இருக்கலாம். கடைசியில் பலகைகளையே வரிசையாக நட்டு வேலியாக்கிவிட்டோம். ஊர் ஆடுகள் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

சிரிப்பாகச் சொன்னாலும், அந்தத் தோட்டத்துக்கு ஒரு காரியம் இருந்தது. அந்த ஊருக்குக் காலையில் மூன்று வேன்கள் வரும். பட்டாசுக் கம்பெனி வேன்கள். பதினெட்டு வயது தாண்டியவர்கள் அதில் ஏறிப் போய்விடுவார்கள். ஏற வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு அங்கே வேறு வழி கிடையாது. எங்கள் திட்டத்தில் ஒரு வருடப் பயிற்சியும் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அதனால் பதினேழு பேர் வேனைப் பார்த்துக்கொண்டே தோட்டத்துக்கு நடந்து வந்தார்கள். அந்தப் பதினேழில் ஒருத்தி முத்துமாரி.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு வருடம் கம்பெனியில் சரவெடி பின்னியவள். சேர்க்கைப் படிவத்தில் 'சேர்வதன் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் எல்லாம் பக்கத்து ஆளைப் பார்த்து 'விவசாயம் கற்க' என்று எழுதியிருந்தார்கள். இவள் 'பயமில்லாமல் இருக்க' என்று எழுதியிருந்தாள்.

"என்ன முத்துமாரி இது?" என்றேன்.

"பக்கத்து ரூம்ல ஒரு நா சத்தம் கேட்டுச்சு மேடம். ரெண்டு பேரு போயிட்டாக. அன்னைக்கு ஓடியாந்தவதான், பெறகு நான் போகல. இங்கன செடி வெடிக்காதுல்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் படிவத்தை வாங்கி, அவள் எழுதியதை அடித்துவிட்டு, 'இயற்கை விவசாயத்தில் ஆர்வம்' என்று எழுதினேன். அந்த வருடம் 'பயம்' என்ற வார்த்தைக்கு யாரும் நிதி தரவில்லை. அவளுக்கு எதிரிலேயேதான் எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதம் போனது. பெரிய நிதி தந்துகொண்டிருந்த அமைப்பு, இனிமேல் கடலோரத் திட்டங்களுக்கு மட்டும்தான் தருவோம் என்று எழுதிவிட்டது. எங்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மாவட்டம் முழுதாக இருந்தது. அதையும் கடக்க முடியுமா என்று சார் ஒரு நாள் யோசித்தார். பதினைந்து இடங்களுக்கு எழுதினேன். பன்னிரண்டு பேர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் வாழ்த்தினார்கள். ஒருவர் மட்டும் வந்து பார்க்கிறேன் என்றார்.

அவர் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியும் காலண்டர் அச்சகமும் வைத்திருந்த முதலாளி. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குத் தர வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம். பட்டாசுக்குப் போகாமல் இருக்க நடத்தும் திட்டத்துக்குப் பட்டாசு முதலாளியிடமே பணம் கேட்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சாருக்கு இல்லை. "நோயும் அங்கனதான், மருந்தும் அங்கனதான். எழுதும்மா" என்றார்.

அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "எனக்குப் பலகையெல்லாம் வேண்டாம். தோட்டத்தோட படம் ஒண்ணு குடுங்க. பிள்ளைக நிக்கணும், காய் தொங்கணும். நம்ம காலண்டர்ல போடுவோம்." எவ்வளவு எளிய மனிதர் என்று நானும் சாரும் மகிழ்ந்துபோனோம். பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை சிவகாசியில் ஆடிப் பதினெட்டில் வெளியிடுவார்கள். ஆர்டர் எடுக்கும் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். அதற்குள் அச்சாக வேண்டும் என்றால் படத்தை ஆனியில் எடுக்க வேண்டும். எங்கள் கரிசலில் ஐப்பசி மழைக்குப் பிறகுதான் காய் என்று ஒன்று கண்ணில் படும். அந்த ஆனியில் ஆனைக்குட்டம் அணையிலேயே தரை தெரிந்தது.

லாரித் தண்ணீர் ஊற்றிச் செடிகளைப் பச்சையாகவே நிறுத்திவிட்டோம். பூவும் வந்தது. வந்த பூவையெல்லாம் காற்று உதிர்த்துப் போட்டது. அண்ணாச்சி வருவதற்கு முதல் நாள் சார் பாத்திகளைச் சுற்றி வந்து, ஒவ்வொரு செடியையும் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், "செடி நம்மகிட்ட இருக்கு. காய் சாத்தூர் மார்க்கெட்ல இருக்கு. ரெண்டையும் சேத்தா தோட்டம்தானம்மா?" என்றார்.

ஒரு மூட்டைக் கத்தரிக்காய் வந்து இறங்கியது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, செடியில் கட்டச் சொன்னவள் நான். சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. படத்துக்காக என்று நேராகவே சொன்னேன். மற்றவர்கள் கட்டிய காய்கள் அரைமணியில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. முத்துமாரி கட்டியது மட்டும் காற்றில் ஆடியதே தவிர விழவில்லை. "தள்ளுங்க எல்லாரும்" என்று அவளே உட்கார்ந்து, பாத்தி பாத்தியாக நகர்ந்து, அத்தனை காயையும் கட்டினாள். நூல் எடுத்ததும் தெரியவில்லை, முடிச்சு விழுந்ததும் தெரியவில்லை. மற்றவர்களுக்கு ஆன நேரத்தில் கால்வாசிக்குள் காய்த்துக் குலுங்கும் தோட்டம் ஒன்று எங்கள் முன்னால் இருந்தது. நான் கை தட்டினேன். அதை நினைத்தால் இன்று கூசுகிறது.

மறுநாள் காலை அண்ணாச்சி போட்டோக்காரரோடு வந்தார். பார்வையிட வருகிறவர்களுக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. வாசலில் இளநீர், பிறகு பலகைகள் வழியாக நடை, பிறகு பிள்ளைகள் வணக்கம், கடைசியில்தான் செடி. செடிக்கு வருவதற்குள் வெயில் ஏறி, வந்தவருக்குப் போனால் போதும் என்று இருக்க வேண்டும். இது சார் வகுத்த நடைமுறை. ஆனால் அண்ணாச்சி இளநீரைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகப் பாத்திக்குள் இறங்கிவிட்டார். ஒரு காயைக் கையில் ஏந்தினார். காம்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன சார், கத்தரிக்காய்க்குச் சரக் கட்டுப் போட்டிருக்கீக?"

சார் வானத்தைப் பார்த்தார், மழை வருமா என்று. நான் கையிலிருந்த கோப்பைத் திறந்து ஏதோ ஒரு தாளைத் தேடினேன். அப்படி ஒரு தாள் அதில் இல்லை.

"இது சரம் பின்னுற ஆளு போட்ட முடிச்சுல்லா! நாப்பது வருசமாப் பாக்கேன், எனக்குத் தெரியாதா? யாரு கட்டுனா?"

பதினேழு பேரும் அசையாமல் நின்றார்கள். இந்த மனிதர் திரும்பிப் போய்விட்டால் அடுத்த மாதம் உதவித்தொகை கிடையாது, பதினேழு பேருக்கும் வேன்தான் என்று எல்லாருக்கும் தெரியும். நான்தான் கட்டச் சொன்னேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பக்கம் பக்கமாக வார்த்தை எழுதியவள். அந்த ஒன்று வரவில்லை.

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் முத்துமாரி.

"நீயா? யாரு கட்டச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல. படம் நல்லா இருக்கட்டுமேன்னு நானாத்தான்."

அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். "ஏ பிள்ள, கையக் காட்டு. இப்படி ஒரு கட்டுக் கட்டுற கைய வச்சிக்கிட்டு இங்கன மண்ணையா கிண்டுத? சீசன் வருது, ஆளு பத்தாமத் திண்டாடுதேன். திங்கக்கிழம நம்ம வேன் வரும், ஏறி வந்துரு" என்றார். பிறகு சாரிடம் திரும்பி, "தோட்டத்த நான் பாத்துக்கிடுதேன், கவலப்படாதீக" என்றார். இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னார். ஒன்றுக்கு ஒன்று விலை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது.

போட்டோக்காரர் படம் எடுத்தார். முத்துமாரியைத்தான் நடுவில் நிற்கவைத்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தம்வரை அவள் என்னோடு நடந்து வந்தாள். "போகணுமா மேடம்?" என்று கேட்டாள். அதற்கும் என்னிடம் விடை தயாராக இருந்தது. "இந்த ஒரு சீசன் மட்டும் போயிட்டு வா. பெறகு நான் பேசிக்கிடுதேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். திங்கட்கிழமை வேனில் ஏறினாள். நான் யாரிடமும் பேசவில்லை. அந்த வருட அறிக்கையில் 'பயிற்சியின் மூலம் வேலைவாய்ப்பு பெற்றோர்' என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதினேன். படித்தபோது சாரின் விரல் மேஜையில் ஒரு தட்டுத் தட்டியது.

அண்ணாச்சி சொன்ன சொல் மாறவில்லை. அவர் தயவில் தோட்டம் வருடக்கணக்கில் நடந்தது. மற்ற பதினாறு பேரும் பயிற்சியை முடித்தார்கள். ஒருவன் நாற்றங்கால் வைத்திருக்கிறான், இரண்டு பேர் காய்கறிக் கடை போட்டிருக்கிறார்கள். அந்தக் காலண்டர் எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு வருடம் தொங்கியது. அச்சகத்தில் கம்ப்யூட்டரை வைத்து நூலையெல்லாம் அழித்துவிட்டார்கள். முத்துமாரி முகத்தில் கொஞ்சம் சிரிப்பும் கூட்டியிருந்தார்கள் என்பது என் சந்தேகம். தேதி கிழிக்கும் வேலையை நான் யாரிடமாவது சொல்லிவிடுவேன்.

பிறகு சரவெடிக்குத் தடை வந்தது. சரம் பின்னியவர்களில் சிலரை வேறு அறைக்கு மாற்றினார்கள். வெடிமருந்து அடைக்கும் அறைக்கு. நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு நாள் முத்துமாரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கல்யாணமாகி, கையில் ஒரு பெண் குழந்தை. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினாள்.

"மருந்து ரூமுக்குப் போகச் சொல்லுதாக மேடம். எனக்கு முடியாது. தோட்டத்துல மறுபடி சேத்துக்கிடுவீகளா? பாதியிலதான விட்டேன்."

எங்கள் திட்டத்துக்கு இப்போது பணம் தருவது பெங்களூரில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனம். அவர்கள் விதிப்படி இளைஞர் என்றால் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து. அவளுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. தோட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளிடம், அந்தத் தோட்டத்தில் நுழைய உனக்கு வயதாகிவிட்டது என்று சொல்ல வேண்டியவள் நான். அன்று ராத்திரி அவர்கள் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விதிகளை முன்னும் பின்னும் படித்தேன். பயிற்சி பெறுகிறவருக்குத்தான் வயது வரம்பு. பயிற்சி தருகிறவருக்கு இல்லை. தக்காளிக்கும் பாகலுக்கும் குச்சி நட்டு, தண்டு நெரியாமல், காற்றுக்கும் அவிழாமல் கட்டத் தெரிந்த ஆள் எங்களிடம் யாரும் கிடையாது. 'களப் பயிற்றுநர், கொடி கட்டும் முறை' என்று ஒரு பதவியை உண்டாக்கி, விண்ணப்பத்தில் சேர்த்தேன். சொக்கலிங்கம் சாருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அதே நாற்காலியில், அதே விரலோடு கேட்டார். ஒரு தட்டுக்கூட விழவில்லை. முடிந்ததும் கண்ணைத் திறந்து, "அந்தப் பிள்ளைதானம்மா?" என்றார். "ஆமா சார்." பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

என் கடைசி வேலைநாளில் முத்துமாரி பயிற்றுநர் படிவத்தை நிரப்ப வந்தாள். பெயர், ஊர், அனுபவம் எல்லாம் எழுதிவிட்டு, ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள். அதே கட்டம். பணியில் சேர்வதன் நோக்கம்.

"இப்பவும் 'இயற்கை விவசாயத்தில் ஆர்வம்'னே போட்டுரட்டுமா மேடம்?"

அத்தனை வருடம் அதை வார்த்தை மாறாமல் நினைவில் வைத்திருந்திருக்கிறாள். "அன்னைக்கு நீ எழுதினதையே எழுது" என்றேன். எழுதினாள். நானே ஸ்கேன் செய்து, திரையின் மூலையில் குங்குமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அனுப்பினேன். பிறகு எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

இப்போது அந்தப் பெங்களூர் நிறுவனத்திலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. 'பயிற்றுநரின் நோக்கம் திட்டத்தோடு பொருந்தவில்லை. திருத்தவும், அல்லது விளக்கம் தரவும்.' இதைத்தான் பிரகாஷ் போனில் கேட்டான். 'இயற்கை விவசாயத்தில் ஆர்வம்' என்று மாற்றிவிட்டால் பதவி உடனே கிடைத்துவிடும். இப்போது இந்த மாதிரி வரிகளைக் கம்ப்யூட்டரே எழுதித் தருகிறதாம். என்னைவிட நன்றாகவே எழுதுகிறது என்று பிரகாஷ் சொன்னான். நம்புகிறேன்.

பதவி அவளுடையது, அதில் வீம்பு பிடிக்க எனக்கு உரிமை கிடையாது. அதனால் முத்துமாரியையே போனில் கூப்பிட்டுக் கேட்டேன். குழந்தை பக்கத்தில் அழுதுகொண்டிருந்தது.

"எனக்குத் தோட்டம் கெடச்சாச் சரி மேடம். பிரகாஷ் தம்பி மாத்துனா மாத்திக்கிடட்டும்" என்றாள். பிறகு குழந்தையைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து, "நீங்க மாத்தாதீக" என்றாள்.

ஆகவே பிரகாஷ், திருத்தவும் அல்லது விளக்கம் தரவும் என்றுதானே கேட்டிருக்கிறார்கள்? இதுதான் விளக்கம். கத்தரிக்காயை மார்க்கெட்டில் வாங்கியதிலிருந்து, அன்று நான் கோப்பைத் திறந்து தாள் தேடியதுவரை, எதையும் எடுக்காமல் அனுப்பு. சாரிடமும் படித்துக் காட்டிவிட்டேன். விரல் தட்டவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இத்தனைக்குப் பிறகும் அவர்கள் மறுத்தால், நீ மாற்றிக்கொள். அவளுக்குத் தோட்டம் முக்கியம். ஆனால் அதற்கு முன் ஒரு தடவை, அந்தக் கட்டம் என் கையெழுத்துப் போட்ட இந்த விளக்கத்தோடு, அவள் எழுதியபடியே போகட்டும்.